குடம் காலியாகத்தான் இருக்கிறது

அப்பா,

இன்றைக்குச் சோறு நீங்களே ஆக்குங்கள். இதை மட்டும் உங்களிடம் கேட்கவே கூடாதென்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். பருப்பு ஊறப் போட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் தாதியர் கலாநிதிப் பட்டப் படிப்புக்கு என் ஆராய்ச்சித் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று நேற்றுச் சொன்னேன். தேயிலைக் கொழுந்தும் தண்ணீரும் சுமந்து கர்ப்பப்பை இறங்கிப்போன பெண்களைப் பற்றியது. "பொம்பளைங்க சமாச்சாரத்த எழுதியா பட்டம் வாங்கப்போற? வெக்கமா இல்ல?" என்றீர்கள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனார். அவர் நடந்த விதம் சரியில்லை. பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"ஒன்னப் பெத்ததிலருந்தே இப்படித்தான் புள்ள. அப்பாகிட்ட சொல்லிப்புடாத."

இதோ, சொல்லிவிட்டேன்.

அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். ஆப்பரேஷன் முடிந்து தேறும்வரை அம்மா என் போர்டிங் அறையில்தான் இருப்பார். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில், அம்மா வராத காரணத்தைக் கண்டாக்கு ஐயா கேட்டால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சுலக்ஷனா

பி.கு.: சாவி பக்கத்து வீட்டு ஜீவராணி அக்காவிடம்.

"அப்பாவுக்குத் தேத்தண்ணியாவது ஊத்தி வச்சிட்டு வர்றேனே" என்று அம்மா கேத்தலைத் தூக்கினார். வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

குடம் காலி. நான் நிரப்பவில்லை. பீலி எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டார். போகிறோம்.