பத்து நாள் இருந்தவள்

மே 2
ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட நோட்டு இது. கடைக்குப் போகாது, பைண்டிங்கில் வேலை செய்கிற எங்களுக்குத்தான். வெட்டியது மாமா இல்லை. அக்கா வீட்டுக்காரரான அவர் வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

"ஒன்பதாவதோட நின்னவளுக்கு நோட்டு எதுக்குடி?" என்றாள் பசை அக்கா. அட்டைக்குப் பசை தடவுகிறவள். பதில் சொல்லாமல் சிரித்தேன். "வாயிலயும் பசையா?"

என் அக்காவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது.

மே 4
பெண். உயிர் இல்லை.

மே 5
சுற்றியிருந்த துணியை அக்கா பிரித்து விரல்களை எண்ணினாள். நகம்கூட வளர்ந்திருந்தது. மாமா கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்காவின் துணி நனைந்து நனைந்து போகிறது. பாலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அவள் இல்லை என்று.

மே 6
பள்ளி திறக்கப்போகிற நேரம், நோட்டு வேலை தலைக்கு மேல். மாமாவும் நானும் வேலைக்குப் போனோம்.

பசை அக்கா மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "என்னப்பா, என்ன கொழந்தை?"

மாமா மெஷினை நிறுத்தினார். "பொண்ணு."

"அம்மாவும் பொண்ணும் சௌக்கியமா?"

தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டார்! நான் தாளை மடித்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா நான்?

"பேரு வச்சாச்சா?"

சொன்னார். அந்தப் பெயரை நான் கேட்டதே அங்கேதான். இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

திரும்பி வரும்போது, "ஏன் மாமா?" என்றேன்.

"வாயில வரலம்மா."

மே 9
தினமும் கேட்கிறார்கள். தூங்குறாளா? ம்ம். யாரு ஜாடை? அவங்கம்மா. விரலைப் பிடிச்சா விடுறாளா? விடமாட்டேங்கிறா.

பதில் சொல்கிற அந்த நிமிஷம் மாமா முகத்தைப் பார்த்தால், வீட்டில் நிஜமாகவே ஒரு குழந்தை—

இன்று என்னிடமும் கேட்டார்கள். "சித்தி ஆயிட்டியே, தூக்கினியா?"

நானும் தலையை ஆட்டினேன்.

மே 12
காலையில் உட்கார்ந்த இடத்திலேயே அக்கா இருந்தாள். மூடி வைத்துப் போன தட்டு மூடினபடியே.

மாமாவிடம், "உங்களால வேலைக்குப் போக முடியுது" என்றாள். கேள்வி இல்லை அது.

நான் லீவு போட்டு இருக்கிறேன் என்றேன்.

"நீ வேணாம்டி. அவ அப்பா வேணும்."

அவள் அங்கிருந்து போனதும் மாமா, "லீவு கேட்டா காரணம் சொல்லணுமே" என்றார், என்னைப் பார்க்காமல். சொன்னால் மகள் அங்கேயும் செத்துப்போவாள். அதைத்தானே நினைக்கிறார்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

மே 14
மாமா வெட்டு கோணல். நானூறு நோட்டு.

"என்னய்யா, மக தூங்க விடலையா?" என்றார் சூப்பர்வைசர். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். கத்தி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் விரல் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

மே 15
மாடியில் ஆபீஸுக்குப் போனேன். நானேதான். படியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன்.

"மாமாவுக்கு லீவு வேணும்" என்றேன்.

"ஏன், அவருக்கு வாயில்லையா?" என்றார் ஆபீஸ் மேடம்.

"கொழந்தை செத்துத்தான் பொறந்துச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஃபைலை எடுத்துப் பார்த்தார், ரொம்ப நேரம். "பிள்ளை பொறந்தா அப்பாவுக்கு அஞ்சு நாள். வீட்ல ஒருத்தர் போயிட்டா ஏழு நாள். இது ரெண்டுலயும் வரமாட்டேங்குதேம்மா. உயிரோட பொறக்கல. உயிரோட இருந்தாத்தானே செத்ததா எழுத முடியும்? நான் என்னன்னு எழுதுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன்.

"இருந்தா மேடம். பத்து நாளா இங்கதான் இருந்தா. கீழ போய்க் கேளுங்க. எல்லாருக்கும் அவ பேரு தெரியும். யாரு ஜாடைன்னு தெரியும்."

என் சத்தம் எனக்கே கேட்டது. மேடம் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேரு சொல்லு."

சொன்னேன். 'இறந்தவர் பெயர்' என்ற கட்டத்தில் எழுதினார். உறவு: மகள். ஏழு நாள்.

"மேல கேட்டா நான் பேசிக்கறேன். நீ போ."

கீழே வந்தேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். மெஷினை நிறுத்திவிட்டு அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். பசை அக்காவிடம் நான்தான் சொன்னேன். பசைக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். "பத்து நாளா வாயைக் கிளறினேனேடி பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சட்டையில் காய்ந்த பசை போகவில்லை. போகட்டும்.

மே 16
தனியாக வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே 19
மாமா லீவில் நான்காவது நாள். வேலை விட்டு வந்தபோது இரண்டு பேரும் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே தட்டு. பாதி காலி.

"அங்க அவளைப் பத்தி என்னல்லாம் சொன்னாராம்? கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நீ சொல்லு" என்றாள் அக்கா.

மாமா தலை குனிந்துகொண்டார். சொன்னேன். நன்றாகத் தூங்குகிறாள் என்றது. விரலைப் பிடித்தால் விடமாட்டாள் என்றது.

"இன்னும்?"

"யாரு ஜாடைன்னு கேட்டாங்க. அவங்கம்மா ஜாடைன்னாரு."

அக்கா மாமாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்கு உங்களுது" என்றாள்.