மகள் நீதிபதியான வருடம்

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

பராமரிப்பு இல்லத்தில் ஷிப்ட் முடித்து லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அமெரிக்காவிலிருந்து மகள் பெனிற்றா போன். நீதிபதி தேர்தலில் நிற்கிறாளாம். அவளுடைய மாநிலத்தில் நீதிபதியையும் சனம் வோட்டுப் போட்டுத்தான் தெரிவுசெய்யுமாம்.

“வாடகை வீட்டால எழுப்பிற சனத்துக்கு வாதாடி வாதாடிக் களைச்சுப்போனன் அம்மா. தீர்ப்புச் சொல்லுற கதிரையில ஒருக்கா இருந்து பாக்கப்போறன்.”

முன்பு லண்டன் எட்மண்டனில் வாடகை வீட்டிலிருந்து எங்களை வெளியேற்றியபோது அவளுக்கு ஒன்பது வயது. தன் புத்தகங்களைத் தானே பையில் அடுக்கினாள். அழவில்லை.

செப்டம்பர் 22

அவள் பெயரே அங்கு யாருக்கும் தெரியாதாம். எதிரே நிற்பவருக்கு டிவியில் ஓயாமல் விளம்பரம். அவள் வாதாடிக் காப்பாற்றிய சனத்துக்கோ இரண்டு வேலை; வோட்டுப் போடவே நேரமில்லை.

அக்டோபர் 14

அடுக்குமாடிகள் வைத்திருக்கும் பெரிய பணக்காரர் ஒருவர் இவளுடைய விளம்பரத்துக்கும் கொடுக்க முன்வந்திருக்கிறார். எதிராளிக்கும் கொடுத்தவராம்!

“வாங்காதை பிள்ளை” என்றேன்.

“நான் அவருக்கு ஒண்டும் வாக்குக் குடுக்கேல்லை. வாங்காட்டித் தோத்துப்போவன். தோத்தா ஆருக்கு நன்மை, சொல்லுங்கோ?”

என் கணவர் பக்கத்திலிருந்து, “அவள் படிச்சவள், நீ சும்மா இரு” என்றார்.

அக்டோபர் 27

ஷிப்டில் நின்று நின்று கால் வீக்கம், உடம்பெல்லாம் அசதி. எழுத ஏலாது.

நவம்பர் 6

அந்தக் காசில் விளம்பரம் போட்டு வென்றுவிட்டாள். இவர் காலையிலிருந்து போனை வைக்கவில்லை. நானும் அழுதேன். சந்தோஷம்தான் — வேறென்ன?

2025 மார்ச் 14, வெள்ளி

அந்தப் பணக்காரரின் கட்டடத்து வழக்கு பெனிற்றாவிடமே வந்திருக்கிறது. அவர் பக்கம் தீர்ப்பு. குடியிருந்த அத்தனை குடும்பமும் வெளியேற வேண்டும். அவளாகவேதான் சொன்னாள், குரலில் உயிரில்லாமல்.

“நீ இந்த வழக்கில இருந்து விலகியிருக்கலாமே பிள்ளை?”

“விலகவேணுமெண்டு சட்டத்தில இல்லை. ஆர் இருந்திருந்தாலும் இதே தீர்ப்புத்தான் அம்மா.”

இருக்கலாம். என் மகள் பொய் சொல்லமாட்டாள். ஆனால் பெட்டி கட்டுகிற அந்தச் சனத்துக்கு அவளைத் தெரியாதே. யார் விளம்பரத்துக்குக் கொடுத்தார் என்பது மட்டும் தெரியும். அவர்கள் எதை நம்புவார்கள்? நானென்றால் நம்புவேனா? கேட்டேவிட்டேன் — “அந்தச் சனம் இதை நம்புவினமோ?”

“ஆறு வருசத்தில திரும்பவும் எலெக்சன் வருது அம்மா, அப்பவும் விளம்பரத்துக்குக் காசு வேணும்” என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்ததும் பாதர் என்னிடம் வந்தார். எங்கள் பிள்ளைகளில் முதல் நீதிபதி அல்லவா, அடுத்த ஞாயிறு பெனிற்றாவின் பெயரைச் சொல்லி நன்றிப்பூசை வைக்கட்டுமா என்று கேட்டார்.

“இப்ப வேண்டாம் பாதர்” என்றேன்.

வீடு வரும்வரை இவர் என்னை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தார்.