மூடிவரை ரொப்பிய பாட்டில்

நேற்றுக் காலை போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தாண்டினால், ஃப்ரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் கூடம்வரை ஓடியிருக்கிறது. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நீங்கள் கடைசியாக ரொப்பி வைத்த பாட்டில் ஃப்ரீசரில்தான் இருந்தது.

எத்தனை முறை சொல்லியிருப்பேன்? உறைந்தால் தண்ணீரின் பருமன் கூடும், மேலே நாலு விரல் இடம் விடுங்கள் என்று. திருவொற்றியூரில் பாதிப் பிள்ளைகளுக்கு அதைப் புரியவைத்தவள் நான். கட்டின மனுஷனுக்குப் புரியவைக்க முடியவில்லை. மூடிவரை ரொப்புவீர்கள். அடி வீங்கி, மேசையில் நிற்காமல் உருளும். இரண்டு பாட்டில் வெடித்தே போயின. துறைமுகத்தில் கிரேன் மேலே ஏறிவிட்டால் மத்தியானம்வரை அந்தத் தண்ணீர்தான் என்பீர்கள்.

"இன்னா டீச்சரம்மா, ஒரு பாட்டில் தண்ணிக்கு இம்மாம் பாடமா? கொறைச்சா தாகம் அடங்குமா?"

எரிச்சலாக வரும். கடைசி இரண்டு நாளும் இதற்காகத்தான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் வேலைக்கென்று ரொப்பி வைத்தீர்கள். விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

நாலு மாதமாக அதை உருகவிடாமல் காத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். உருகுவது இயற்பியல் மாற்றம், பொருள் மாறாது, திரும்ப உறையவைக்கலாம் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்கிறவள்தானே நான். ஆனால் திரும்ப உறையவைப்பது உங்கள் கையாக இருக்காதே.

உங்கள் தங்கை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருக்கும் சாவியால் வீட்டைத் திறந்து மத்தியானமே வந்திருக்கிறாள். பாட்டில் அவள் மடியில் இருந்தது. நாலு விரல் குறைந்திருந்தது.

"ஐஸு கரைஞ்சி கீது அண்ணி. வெயில்ல வந்தேனா, சில்லுனு இருந்துச்சு, குடிச்சிட்டேன்."

கத்த வாயெடுத்தேன். அவளுக்கு அப்படியே உங்கள் முகம். கோபமெல்லாம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. டாக்டரிடம் போங்கள் என்றதையும் கேட்கவில்லை, இதையும் கேட்கவில்லை. எதைத்தான் கேட்டீர்கள்?

மீதியை மூடி உள்ளே வைத்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். மேலே இடம் இருந்ததால் வெடிக்காமல், கசியாமல் ஒழுங்காக உறைந்திருக்கிறது. நான் சொன்னதுதான் சரி. அதை உங்களிடம் சொல்லிக்காட்டலாம் என்றால் நீங்கள் இல்லை. வயிறு எரிகிறது.