மாப்பிள்ளை சூடத்தில் அடித்த சத்தியம்

ஜூன் 12, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஷிப்ட் முடிந்து நேராக ஏர்போர்ட். தங்கை தேவியும் மாப்பிள்ளையும் கோலாலம்பூரிலிருந்து. கல்யாணமாகி இரண்டு வருஷம், இப்போதுதான் முதல் தடவை வருகிறார்கள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்தவர், சென்னையைப் பார்த்ததே இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸ் படியேறும்போதே, "இவ்வளோ சின்ன வீடா மச்சான்?" சிரித்து வைத்தேன். தேவி இளைத்துவிட்டாள்.

வாங்க வேண்டியது: தண்ணி கேன், கொசுவர்த்தி, வஞ்சிரம். செவ்வாய் அவர்களுக்குத் திரும்ப ஃப்ளைட்.

ஜூன் 14, சனி

தேவி தலை துவட்டும்போது பின்கழுத்தைப் பார்த்தேன். நான்கு விரல் தடம், கன்றிப்போய். கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா." பிறகு என் வீட்டுக்காரி கவிதாவிடம் எல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். பெல்ட்டால் அடிக்கிறானாம். பாஸ்போர்ட்டும் அவன் பையில்.

அங்கேயே பல்லைக் கழற்றியிருப்பேன். ஆனால் வீடு தேடி வந்த மாப்பிள்ளை. எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு. கருமாரி வாசலில் சூடம் ஏற்றி, அதில் அடித்துச் சத்தியம் வாங்குவது. யாரும் மீற மாட்டார்கள். நாளை ஊர் சுற்றிக் காட்ட வேன் சொல்லியிருக்கிறேன். முதலில் திருவேற்காடு.

ஜூன் 15, ஞாயிறு

பேனா பிடிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கோணல்.

காலை ஏழு, திருவேற்காடு. நல்ல கூட்டம். வெளியே தரையில் சூடம் ஏற்றினேன். "இனிமே தேவி மேல கை வெக்க மாட்டேன்னு அட்ச்சுச் சொல்லுங்க மாப்ள." முறைத்தான். பிறகு உள்ளங்கையால் படாரென்று அடித்து அணைத்தான். "சரி, போதுமா மச்சான்?" எனக்கு மனசு நிறைந்துவிட்டது. மடையன் நான். பூந்தமல்லியில் இட்லி, வடகறி. ஒரே சிரிப்பு.

பிற்பகல் மெரினா. அலை அவனை உருட்டிவிட்டது, செருப்பு ஒன்று கடலோடு போயிற்று. தேவி சிரித்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

திரும்பும்போது வானகரம் சிக்னல். பின்சீட்டில் மடேரென்று சத்தம். அவள் முடியைப் பிடித்து ஜன்னல் கண்ணாடியில் மோதியிருக்கிறான். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். வேனை ஓரங்கட்டச் சொல்லி, அவனை ரோட்டில் இழுத்துப் போட்டு மிதித்தேன். மூக்கில் குத்தினேன், எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்த மனசும் இல்லை. டிரைவர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து, "வுடு அண்ணாத்தே, செத்துடப் போறான்!"

"பொம்பளைய அடிக்கிறவன்லாம் ஒரு ஆம்பளயாடா?" ரோடே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

கவிதா கீழே இறங்கவே இல்லை. அவன் பையிலிருந்து தேவியின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பையை வெளியே வீசினாள். அவன் ஆட்டோ ஏறிப் போய்த் தொலைந்தான். தேவிக்கு ஆறு தையல்.

ஜூன் 16, திங்கள்

லீவு. புழுக்கம். விரல் முட்டியெல்லாம் வீக்கம். ஏதோ லாட்ஜிலிருந்து அவன் ஃபோன், போலீஸுக்குப் போவானாம். போடா.

தேவியிடம் சொன்னேன்: "நீ எங்கியும் போவ வேணாம்மா. இது உன் ஊடு. இங்க ஒருத்தன் உன்னைத் தொட முடியாது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிதாவும். தன்னுடைய புடவைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு.

"காட்டுப்பாக்கத்துல அண்ணியோட ஃப்ரெண்டு ஊட்ல மாடி காலியா கீதாம். ரெண்டு பேரும் போறோம்ணா."

"அவ எதுக்கு?" என்றேன்.

தேவி நிமிர்ந்தாள். "பொங்கலுக்கு வீடியோ கால்ல பாத்தேனே. அண்ணிக்கு முன்பல்லு எப்டிண்ணா போச்சு?"

கவிதா என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைப் பூட்டினாள். ஆட்டோ வந்தது. போய்விட்டார்கள்.

இந்த டைரியில் பொங்கல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். கவிதா படியில் தடுக்கி விழுந்தாள் என்று எழுதியிருக்கிறேன்.