கைதட்டலைத் திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
வே. புஷ்பவல்லி,
பழைய தோட்டத்து லயம்,
மேரு, கிள்ளான்.

பெறுநர்:
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
தொகுதி சேவை மையம், கிள்ளான்.

பொருள்: டத்தோ லோகன் குடும்ப வரலாறு வாசிக்கப்பட்ட விழாவில் என் கணவர் கைதட்டியதை, வீட்டைக் காலி செய்யச் சம்மதித்ததாகக் கொள்வதை எதிர்த்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலாய் மொழியில் எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். ஆனால் எங்களைக் கவிழ்த்தது தமிழ். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

1. நாங்கள் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்தின் நிலம் இப்போது டத்தோ லோகன் அவர்களின் பெயரில் உள்ளது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளைக் கிள்ளானில் ஒரு மண்டபத்தை அரசவை போல் ஜோடித்துக் கொண்டாடினார்கள். அவர் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்க, சுபாங் ஜெயாவிலிருந்து வந்த முனைவர் முகுந்தன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, சோழர் காலத்து மெய்க்கீர்த்தி பாணியில் தாம் எழுதிய டத்தோ குடும்ப வரலாற்றை உரக்க வாசித்தார். எங்களையும் வேன் அனுப்பி அழைத்துப் போனார்கள். என் கணவர் வேலாயுதத்தை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

2. "மானுடர் அறியாக் கானகம் திருத்தி, பின்னர் வந்து ஒதுங்கிய ஏதிலியர்க்கும் இடமளித்த வள்ளல் மரபு" என்று வாசித்தபோது முனைவர் என் கணவரை நோக்கிக் கை நீட்டினார். உடனே ஒருவர் வந்து பொன்னாடை போர்த்தினார். ஏதிலியர் என்றால் மூத்தகுடி என்று என் கணவர் நினைத்துவிட்டார். அவர் லோரி ஓட்டிப் பிழைத்தவர், ஐயா. எனக்கும் அந்தச் சொல் தெரியாது. "பாத்தியா, எங்கப்பாவைத்தான் சொல்றாங்க லா" என்று என் காதில் சொல்லிவிட்டு, எழுந்து நின்று கைதட்டினார். மண்டபமே தட்டியது. நானும் தட்டினேன்.

3. போக்கிடம் இல்லாதவர்கள் என்பதே அதன் பொருளாம். டத்தோவின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்தை எங்கள் மகள் மாதவி படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நாங்கள் பின்னால் வந்து ஒண்டியவர்கள் என்பதைச் சபையறிய ஏற்றுக்கொண்டோமாம். என் கணவர் கைதட்டும் படத்தையே அதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். இம்மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும்.

4. டத்தோ குடும்பம் இந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கும் முன்பே என் மாமனார் அய்யாவு இங்கே காடு வெட்டியவர். என் கணவர் பிறந்தது நாங்கள் இன்று படுத்துறங்கும் அறையில். மாமனாரைப் புதைத்திருப்பது கொல்லையில். முனைவர் ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தால் காட்டியிருப்போம்.

என் கணவர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. "எங்கப்பா இங்க இல்லவே இல்லைன்னு படிச்சதுக்கு நானே கைதட்டிட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

வீடு மிஞ்சும் என்று நான் நம்பவில்லை. டத்தோ தரப்பினரைத் தங்கள் சேவை மையத்திற்கு வரவழைத்து, அந்த வரலாற்றை எங்களுக்குப் புரியும் தமிழில் இன்னொரு முறை வாசிக்கச் செய்யுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரி வரும்போது என் கணவர் எழுந்து நின்று, "இல்லை" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அன்று தட்டிய கைதட்டலை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

இடம்: மேரு
தேதி: 12.5.2025

இப்படிக்கு,
தங்கள் தொகுதி வாக்காளர்,
வே. புஷ்பவல்லி

இணைப்பு: பொன்னாடை ஒன்று. டத்தோ அவர்களிடம் சேர்ப்பிக்கவும்.