ஆறு விளையாட்டு, ஒரே காட்ரிட்ஜ்

செப்டம்பர் 28, ஞாயிறு

சோதனை முடிந்தது. விற்கப்போகும் ஒவ்வொரு காட்ரிட்ஜையும் டிவியில் மாட்டும் பழைய வீடியோ கேம் கன்சோலில் செருகி, ஆறு விளையாட்டும் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தன. அந்தக் கால விளையாட்டுகளை எழுதியவர்களைத் தேடிப்பிடித்து அனுமதி வாங்கியது என் கூட்டாளி கெல்வின். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை என் வேலை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நாள் முழுக்க அடுத்தவன் பலகையைச் சோதிக்கிறவளுக்கு இதுதான் முதல் சொந்தப் பலகை.

பயம் ஒன்றுதான். பழைய கன்சோல் ஐந்து வோல்ட். இந்தக் காலத்துச் சிப் அவ்வளவு தாங்காது. நடுவில் மாற்றிக் கொடுக்கும் பகுதியை நானே வரைந்தேன். அது சொதப்பினால் காட்ரிட்ஜோடு போகாது, வாங்கியவரின் கன்சோலையும் சேர்த்துக் கொன்றுவிடும். இப்போது அதெல்லாம் எங்கே கிடைக்கும்?

இவர் எட்டிப் பார்த்து, "இன்னும் அந்த வெளாட்டுச் சாமானத்தான் நோண்டிக்கிட்டு இருக்கியா?" என்றார். காட்ரிட்ஜ்களை எண்ணி அடுக்கினேன். வாயைத் திறந்தால் சண்டைதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எனக்கு லீவு இல்லை. இவர் ஃபேக்டரி பஸ்ஸைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டுப் பூஜையையும் தானே செய்துவிட்டார். திரும்பி வந்தபோது வீடெல்லாம் சந்தன வாசம். பொரிகடலை எனக்கென்று மூடி வைத்திருந்தார். கோபமாக இருக்கவும் விடமாட்டார் இந்த மனுஷன்.

அக்டோபர் 3, வெள்ளி

வாங்கியவர்களுக்கு எல்லாம் அனுப்பியாயிற்று. ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஈப்போவிலிருந்து ஒருவர்: திரை கறுப்பாகவே நிற்கிறதாம். மத்தியானம் இன்னும் இரண்டு பேர். கெல்வின், "அக்கா, போஸ்ட்ல ஆட்டம் கண்டிருக்கும்லா, டென்ஷன் ஆகாதீங்க" என்கிறான். இத்தனையும் ஒரேயடியாகவா ஆட்டம் காணும்?

சாயங்காலம், பட்டர்வொர்த்திலிருந்து வாங்கிய ஸுல்கிஃப்லி என்பவரின் குரல்பதிவு. கோபமே இல்லாமல் மலாயில் பேசினார். "அக்கா, உங்கள் காட்ரிட்ஜைப் போட்டதிலிருந்து என் பழைய விளையாட்டும் வரவில்லை. செத்துப்போன என் அண்ணனுடைய மெஷின் இது. பார்க்க முடியுமா?"

திட்டியிருந்தாலாவது தேவலை.

அக்டோபர் 9, வியாழன்

தேவையா எனக்கு இது?

அக்டோபர் 11, சனி

ஃபெரியில் கடலைத் தாண்டிப் போய் ஸுல்கிஃப்லியின் மெஷினை வாங்கி வந்தேன். துண்டில் சுற்றிக் கொடுத்தார். "அண்ணன் இதைத் தொடவே விடமாட்டான்" என்று சிரித்தார். திரும்பும்போது அதை மடியிலேயே வைத்திருந்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நான் வைத்திருந்த காட்ரிட்ஜை என் கன்சோலில் போட்டேன். கறுப்பு. எடுத்துவிட்டுப் பழைய பந்தய விளையாட்டைப் போட்டேன். அதுவும் கறுப்பு! போன மாதம் நன்றாக ஓடியதுதானே? மீட்டரை வைத்துப் பார்த்தால் வோல்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. சரியா இருந்தா ஏன் வரல? ரெண்டு மெஷினயும் கொன்னுட்டேன். ஊர்ல இன்னும் எத்தனை மெஷின் — ஐயோ, முருகா.

இவர் கோப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 12, ஞாயிறு



காட்ரிட்ஜின் வாயில், கன்சோலுக்குள் போகும் அந்தத் தங்கப் பற்களை, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. துருவா? முகர்ந்தேன். சந்தனம்.

"என்னங்க! இதுல சந்தனம் வச்சீங்களா?"

"ஆமா, வச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ண விட்டு ஒண்ணா வைப்பாங்க? மேல ஒட்டுன படம் கெட்டுப் போயிடும்னுதான் அடியில, வாய்க்கிட்ட வச்சேன். காஞ்சதும் தொடைச்சிட்டேன்லா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. வெளியே துடைத்திருக்கிறார், உள்ளே பற்களின் இடுக்கில் காய்ந்து கிடக்கிறது. அது கன்சோலின் வாயிலும் அப்பிக்கொண்டால் வேறெந்த விளையாட்டு வரும்? கத்தினேன். கீழ்வீடு வரை கேட்டிருக்கும். "யாரு ஒங்கள வைக்கச் சொன்னா? வெளாட்டுச் சாமான்னுதான சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது சும்மா சொல்றது. என் பஸ்ஸுக்கு வச்சேன், ஸ்பேனருக்கு வச்சேன். ஒன் தொழிலுக்கு வைக்காம எப்படிம்மா?"

தொழிலாம். இத்தனை நாள் நானே அப்படிச் சொன்னதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு மெல்லிய அட்டையில் துணியைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஸுல்கிஃப்லியின் மெஷின் வாயையும் என் கன்சோலின் வாயையும் துடைத்தேன். இவர் டார்ச் பிடித்தார். இரண்டிலும் பந்தய விளையாட்டு வந்தது. என் காட்ரிட்ஜைத் துடைத்துப் போட்டேன், ஆறும் வந்தன. பலகையில் ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

வாங்கியவர்களுக்கு என்ன எழுதுவது? வீட்டுக்காரர் சாமி கும்பிட்டுவிட்டார் என்றா? கடைசியில் அதையேதான் எழுதினேன், துடைக்கும் முறையோடு. துடைக்கத் தெரியாதவர்கள் திருப்பி அனுப்பலாம் என்றும் சொன்னேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. திரும்பி வந்த காட்ரிட்ஜ்களை நேற்று வரை இவர்தான் பஞ்சும் கையுமாக உட்கார்ந்து துடைத்தார். ஒன்றைத் துடைப்பதும் என்னிடம் நீட்டுவதுமாக ஒரே தொல்லை. ஸுல்கிஃப்லி இன்று தாயாரோடு வந்து முறுக்கு சாப்பிட்டுவிட்டு, மெஷினை அதே துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

கெல்வினும் வந்திருந்தான். அடுத்த முறை செய்யப்போகும் காட்ரிட்ஜின் வரைபடத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக் கூட்டின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன வட்டக் குழி.

"இது எதுக்குக்கா?"

"பொட்டு வைக்க."

இவர் அடுக்களைக்குள் போய்விட்டார். அங்கே ஒரு வேலையும் இல்லை.