மணல் வைத்துத் தைத்த துணி

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

பதிவாளர் இருந்தார். திறந்துவைக்க வந்த விருந்தாளி அம்மா, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு இருந்தார். போட்டோக்காரர் இருந்தார். சூரிய வாத்தியார் இருந்தார். வாட்ச்மேன் விசில் இருந்தான். உன் அப்பா இருந்தான். நான் இருந்தேன். புது ஷூ கடிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டு நீ இருந்தாய்.

பல்கலைக்கழக நூலக மாடியில், உன் அப்பா போன அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். இவ்வளவு பேர்தான், ஒரு தலையும் விடவில்லை. எனக்குப் பல் போனது, முழங்கால் போனது, நினைவு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ நடுவில் பத்து சொல்வாய். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. எழுத்து கோணல்தான். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து வேறு எப்படி இருக்கும்.

அந்தத் துணியைப் பற்றியும் கேட்டிருந்தாய். மாடியில் வைத்த அந்தச் சூரியக் கண்ணாடித் தகடுகள் மேல் வெயில் பட்டுக்கொண்டிருக்கிறவரை கரண்ட் வந்துகொண்டே இருக்கும். உன் அப்பா சொல்வான், "சூரியனுக்கு சுவிட்ச் கிடையாதும்மா. போர்த்தித்தான் தூங்க வைக்கணும்." வயரில் கை வைக்கும் முன் போர்த்த வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே, தகடு வேலையை நடத்திய சூரிய வாத்தியார்தான். அரங்கத்தில் கழித்துப்போட்ட மேடைத் திரையை வாங்கி வந்து, அத்தனை தகடும் மூடுகிற மாதிரி நான் தைத்துக் கொடுத்தேன். ஓரம் முழுக்கக் குழாய் மாதிரி மடித்து, உள்ளே மணல் நிரப்பித் தைத்தேன். நாலு மூலையிலும் கயிறு. காற்று தூக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். என் தையலைத் தூக்குகிற காற்று இன்னும் பிறக்கவில்லை. விசில் கயிற்றை அவிழ்த்தான், அதனால் போனது. உன் அப்பன் வயர்ப் பெட்டிக்குள் கை வைத்திருக்கும்போது அவிழ்த்தான். என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் நம் கூரையிலும் தகடு போடலாமா என்று நீ கேட்டதற்குப் பதில், முடியாது என்பதுதான். நம் சந்து முழுக்கக் கூரையோடு கூரை ஒட்டித்தான் இருக்கிறது, நடுவில் நம் வீடு விட்டால் வரிசை அறுந்துவிடும், எல்லாம் தெரியும். கரண்ட் போனால் விசிலின் மூச்சு மெஷின் நிற்கிறதாம். நிற்கட்டும். என் கூரை வழியாக அவனுக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போகாது.

நம் வாசல் கம்பத்து விளக்கு இன்னும் அப்படித்தான். மற்ற விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகின்றன. இது மட்டும் பொழுது சாயும்போது இரண்டு தடவை சிமிட்டிவிட்டுத்தான் எரிகிறது. உன் அப்பா வாசலில் இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் உள்ளே வருவான். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் பாட்டி


மார்ச் 19

என் பாட்டிக்கு,

வாலு எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் கூடத் தங்கியிருப்பவள், "காதல் கடிதமா?" என்று கேட்டாள். "அதைவிடக் காரமானது" என்றேன்.

பாட்டி, வேலை எனக்கே கிடைத்துவிட்டது. நூலக மாடியில் மட்டும் இருந்ததை இனிப் பல்கலைக்கழகம் முழுக்கவும், பின்சுவரைத் தாண்டி நம் சந்துக்கும் கொண்டுவர வேண்டும். வகுப்புகளும் விடுதிகளும் பகலில் தின்றது போக மீதியை பேட்டரியில் சேர்த்து, கரண்ட் போகும்போது சந்துக்குத் தருவது. திட்டத் தலைவர் சூரிய வாத்தியார்தான். எனக்காக எத்தனை பேருக்கு எழுதினார், எத்தனை கதவு தட்டினார் என்று உனக்குத் தெரியும். ஜூன் மாதம் வந்து சேரச் சொல்கிறார். வந்துவிட்டால் பிறகு உன்னை விட்டு எங்கும் போக மாட்டேன்.

விசில் தாத்தாவைப் பற்றி நீ எழுதியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தவர் அவர் என்றே இருக்கட்டும். மூச்சு அவருடையது பாட்டி. அதை நிறுத்துவதும் அவிழ்க்கிற மாதிரிதானே?

விளக்கு சிமிட்டுவது சென்சார் பழசானதால். மாலை வெளிச்சம் குறைகிற நேரத்தில் அதற்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. இப்படி உனக்கு எழுதிவிட்டு நானே யோசித்தேன், ஏன் நம் வாசல் விளக்கு மட்டும் என்று.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. என் அறை ஜன்னலுக்குத் திரை கிடையாது. வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டவில்லை. திரையை இழுக்க எனக்குக் கை வருவதில்லை. போன மாதம் ஆய்வுக்கூடத்தில் ஒரு தகட்டின் மேல் இருந்த உறையை எடுக்கச் சொன்னார்கள். என் கை தானாக மூடிக்கொண்டது. வேறு ஒருத்தி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் உன்னிடம் கேட்கத் தோன்றியது.

பாட்டி, அந்தத் துணியின் ஒரு மூலையில் ரிப்பன் ஏதாவது கட்டியிருந்ததா?

உன் வாலு


ஏப்ரல் 4

வாலுக்கு,

கடிதம் வந்தது. வேலை கிடைத்ததில் சந்தோஷம். பக்கத்து வீட்டு டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். மைக் வைத்திருந்தால் இன்னும் மெதுவாகப் போயிருக்கும்.

ரிப்பன் கிப்பன் எல்லாம் எனக்குத் தெரியாது.

சூரிய வாத்தியார் வந்திருந்தார். கூரைக் காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தார். நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உன்னைப் படிக்க வைத்த மனுஷன், நிற்க வைக்கலாமா. நீ பழைய கதையைக் கிளறுகிறாய் என்று சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சின்னப் பிள்ளைம்மா அப்ப. எதுக்கு இப்ப அதெல்லாம்? காத்துன்னே எழுதிடுங்க. அவளுக்கு நல்லது," என்றார். உன் மேல் எவ்வளவு அக்கறை பார். தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்தார். காகிதத்தை விட்டுவிட்டுப் போனார். அதன் மேல் அரிசி டப்பாவை வைத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு விளக்கு சிமிட்டியது. மூன்று தடவை. இதற்கு உன் படிப்பு என்ன சொல்கிறது?

திரையை மாட்டு. வெளியே போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே பார்ப்பான். கொடியில் காய்கிற துணியைக்கூட இழுத்து எடுக்க மாட்டாய் நீ சின்ன வயதில். மழை வந்தாலும் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். சோம்பேறி என்று எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

உன் பாட்டி


ஏப்ரல் 20

என் பாட்டிக்கு,

ரிப்பன் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். போட்டோக்காரரின் ஷூ நிறம்கூட உனக்கு நினைவிருக்கும். ரிப்பன் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

சிவப்பு ரிப்பன் பாட்டி. என் உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். முன்னால் கறுப்பாகப் பெரிய துணி. பளபளவென்று கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை மேலே போய்க் கீழே வந்தது. நான் இழுத்தேன். சாய்ந்திருந்த தகடுகள் மேலிருந்து மணல் கனத்திலேயே துணி சரிந்து எளிதாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் நடுவில் நீ கத்தியது கேட்டது. என்னைத் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு எப்போதுமே தெரியும் என்று நினைக்கிறேன். காற்று காற்று என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, என் கையை மறைக்கத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நீயும் விசில் தாத்தா மேல் பழியைப் போட்டது எனக்காகத்தான், இல்லையா? இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு பேசாமல், என் கையை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

ஒரு ஆள் குனிந்து வேலை செய்கிற கூரையில் வெயிலைத் திறந்துவிட்டது நான். அதே கூரைகளுக்கு என்னைப் பொறுப்பாகப் போடுகிறார்கள். முடியாது பாட்டி. சூரிய வாத்தியாருக்கு வரவில்லை என்று எழுதப் போகிறேன். இங்கேயே ஏதாவது மேஜை வேலை கிடைக்கும். சந்துக்குள் வந்தால் அந்த விளக்கைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். என்னைப் பார்த்து அது எத்தனை தடவை சிமிட்டும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னைத் திட்டாதே. திட்டுவதாக இருந்தால் பெரிய கடிதமாக எழுது.

வாலு


மே 9

என் கண்ணே வாலு,

பெரிய கடிதம் கேட்டாய். எடுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு விசில் வீட்டுக்குப் போனேன். நாலு வீடு தள்ளி இருக்கிறான். உன் அப்பா போனதிலிருந்து அந்தப் பக்கம் நான் நடந்ததே இல்லை. கடைக்குக்கூடச் சுற்றித்தான் போவேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டான்.

"என்னக்கா, வழி தப்பி வந்துட்டியா?" என்றான்.

"வழியெல்லாம் தெரியும். ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன்டா கயிறை அவுத்த?"

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். பிறகு சொன்னான். "இதை நீ கேப்பேன்னு அப்பவே எதிர்பார்த்தேன்."

"இப்ப கேக்குறேன்ல, சொல்லு."

"அவுக்கச் சொன்னது வாத்தியார். நான் உடனே அவுக்கல அக்கா. 'வயர்மேன் இன்னும் குனிஞ்சுதான் சார் இருக்கான், எந்திரிக்கட்டும்'னேன். அவர் திரும்பிப் பார்த்தார். நல்லா பார்த்தார். 'முடிச்சிருப்பான்யா, மேகம் வருது, வெயில் போயிட்டா போட்டோல மின்னாது, நீ அவுத்துவிடு'ன்னார். அப்புறம் பாப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்."

"இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க சொல்ல விட்ட? என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துவ. அப்புறம் அவர் பிள்ளைய வேற படிக்க வெச்சார். சொன்னா பிள்ளை படிப்பு போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டேன். சொல்லியிருந்தா மட்டும் வாட்ச்மேன் பேச்சை யாரு கேட்டிருப்பா?"

அந்த நேரம் நான் உன் ஷூ வாரைத் தளர்த்திவிட்டு, இறுகிப்போன கொக்கியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நிமிர்ந்தபோது விசில் அவிழ்த்தது மட்டும் என் கண்ணில் பட்டது, வாத்தியார் திரும்பிப் பார்த்தது படவில்லை. ஆனால் ரிப்பனை உன் கையில் சுற்றிவிட்டது யார் என்று பார்த்தேன். "பாப்பா, மாமா கையைக் காட்டினதும் இழுக்கணும், சரியா?" என்றார். பளபளவென்று கைக்கடிகாரம். நீ எழுதியது சரிதான்.

ரிப்பன் தெரியாது என்று நான் எழுதியது, நீ மறந்துவிட்டாய் என்று நம்பிக்கொண்டிருந்ததால். விசில் மேல் கோபம் உன்னை மறைக்க இல்லை, அது என் சொந்தக் கோபம். உன் கையை யாரும் மறைக்கத் தேவையே இல்லையடி. இழு என்று சொன்னால் இழுக்கிற வயசு உனக்கு. பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்துக் குத்தச் சொன்னவன் இருக்கும்போது பிள்ளையை யாராவது குற்றம் சொல்வார்களா? கொடியில் துணி எடுக்காததற்குத் திட்டினேனே, அதுதான் இப்போது என்னை அறுக்கிறது. நீ அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நான் சோம்பல் என்றேன்.

விசிலிடம் இப்போது தினமும் போகிறேன். நேற்று கரண்ட் போய் அவன் நகம் நீலமாகிவிட்டது. டீச்சர் வீட்டு பேட்டரியை அவளும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணைத் திறந்ததும், "நீ தூக்கிட்டு வந்தியா, சாகக்கூட விட மாட்டியாக்கா," என்றான். கூரைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரிசி டப்பாவின் வட்டம் பதிந்திருக்கிறது, பரவாயில்லை.

அதை வாங்க வாத்தியார் வந்தார். நாற்காலி போடவில்லை. உச்சி வெயில். உள்ளே வரலாமா என்று பார்த்தார். "அங்கேயே நில்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச வெயில்தானே," என்றேன். பிறகு, "விசில் எல்லாம் சொல்லிட்டான்," என்றேன். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா, முடிச்சிட்டான்னுதான் நினைச்சேன்," என்றார். "சரி. அது ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் இத்தனை வருஷம் காத்துன்னு சொன்னீங்களே, அப்ப என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் போன பிறகும் அந்த இடத்தில் நிழல் கிடந்த மாதிரியே இருந்தது.

நீ வா. அவருக்காக வராதே, அவருக்குப் பயந்து நிற்கவும் நிற்காதே. அவர் கீழே வேலை பார்ப்பதா, அவர் மேலே புகார் எழுதுவதா என்று நீ முடிவு செய். படித்தவள் நீ. ஆனால் இந்தச் சந்துக் கூரையில் தகடு ஏறும்போது துணியைப் போர்த்துவதும் எடுப்பதும் உன் கையாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியில் கை வைத்தவன் எழுந்து வந்து உன் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகு எடு. புதுத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன். மணல் சலித்தாகிவிட்டது. விசில் கயிறு முறுக்குகிறான்.

வாசல் விளக்கை மட்டும் தொடாதே. நீ வரும் அன்றைக்கு அது எத்தனை தடவை சிமிட்டினாலும் பயப்படாதே. யாரோ செருமுகிறார்கள், அவ்வளவுதான். நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

உன் பாட்டி

பின்குறிப்பு: முதல் கடிதத்தில் ஆட்களை எழுதினேனே, இப்போது அந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன். விருந்தாளி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிட்டேன். போட்டோக்காரர் அழுதுகொண்டே படத்தைக் கிழித்தார், அன்றைக்கே விட்டுவிட்டேன். பதிவாளருக்குத் துணி எதற்கென்றே தெரியாது, அவரை இந்த வாரம் விட்டேன். விசிலை விட்டேன், அவனும் என்னை விட்டான். உன்னிடம் விட ஒன்றுமே இல்லை. துணி எதற்கென்று தெரிந்தவர், திரும்பிப் பார்த்தவர், பார்த்துவிட்டுக் கையைக் காட்டியவர், அந்தப் பாரத்தை ஒரு குழந்தை சுமக்கட்டும் என்று காற்றின் பெயரைச் சொன்னவர், நான் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருவர் மிச்சம். செத்தாலும் விட மாட்டேன். சூரிய வாத்தியார்.